பிரைஸ் கவுண்டியில் மான் குறைந்துவிட்டதா, இல்லை நான் உட்காரும் இடம் செத்துவிட்டதா?

கம்பத்துக்காரன் (மேடிசன், விஸ்கான்சின்) | 2025 டிசம்பர் 3

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் வேட்டைக்குப் போகிற தமிழர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மற்றவர்கள் "மானைப் போய்ச் சுடுறியே, பாவி" என்று திட்டுவதாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். என் மனைவி பத்து வருடமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். மிளகு வறுவல் வைத்தால் மட்டும் தட்டோடு வந்துவிடுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். 2015-லிருந்து ஒவ்வொரு நவம்பரும் ஒன்பது நாள் துப்பாக்கி சீசனுக்கு வடக்கே பிரைஸ் கவுண்டிக்கு (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) போகிறேன். மேடிசனிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம். எங்கள் தெருவில் முன்பு குடியிருந்த ஒரு பெரியவருக்கு அங்கே நாற்பது ஏக்கர் காடும், அவருடைய அப்பா கட்டிய மரக் கேபினும் இருக்கின்றன. பெரியவருக்கு இப்போது 76. மாடு வைத்துப் பால் கறந்து பிழைத்தவர். எனக்கு லைசென்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்தது, துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கக் கற்றுக் கொடுத்தது, முதல் மானை அறுக்கும்போது பின்னால் நின்று "மெதுவா, பை கிழியப்போகுது" என்று சொன்னது எல்லாம் அவர்தான். அவருடைய நாற்பதுக்கு அடுத்தாற்போல் கவுண்டிக்குச் சொந்தமான காடு.

நான் உட்காருவது ஒரே மரத்தில். அவர்கள் ட்ரீ ஸ்டாண்டு என்பார்கள், எனக்கு அது பரண்தான். கம்பத்தில் எங்கள் தோட்டத்தில் பன்றி விரட்ட அப்பா கட்டியிருந்த பரணுக்கும் இதற்கும் இரண்டே வித்தியாசம்: இங்கே ஏணி இரும்பு, பிறகு குளிர். விடிவதற்கு அரை மணி முன்னால் ஏறி உட்கார்ந்தால், முதலில் மூக்கு நுனி போகும், அப்புறம் கட்டைவிரல். வெளிச்சம் வரும்வரை மரம் எல்லாம் மான் மாதிரியே தெரியும். வெளிச்சம் வந்ததும் மான் மாதிரித் தெரிந்தவை எல்லாம் மரமாகிவிடும்.

ஆபீஸ் புத்தி போகாது, அதனால் முதல் வருடத்திலிருந்தே ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன், எத்தனை மான் கண்ணில் பட்டது, கிடாவா பெட்டையா குட்டியா, காற்று எந்தப் பக்கம் என்று எழுதிவைப்பேன். 2015-ல் 38 மணி நேரத்தில் 19 மான். அங்கிருந்து கூடிக்கொண்டே போய் 2018-ல் 40 மணி நேரத்தில் 31. அந்த வருடம் ஒரு காலையில் மட்டும் ஒன்பது வந்தன, எதைச் சுடுவது என்று தெரியாமல் ஒன்றையும் சுடாமல் இறங்கி வந்தேன். மறு வருடம் 39 மணி நேரத்துக்கு 14. 2021, 2022-ல் பன்னிரண்டும் பத்தும். 2023-ல் ஐந்து. போன வருடம் 36 மணி நேரம் உட்கார்ந்து நாலே நாலு, நாலும் தூரத்தில் வால் தெரிய ஓடியவை. இந்த வருடம் 33 மணி நேரத்தில் ஆறு. ஒரு வெடி கூட வைக்கவில்லை.

பெரியவருக்கு இதில் சந்தேகமே கிடையாது. ஓநாய். அவருக்கு எல்லாமே ஓநாய்தான், டீசல் விலை ஏறினாலும் ஓநாய்தான். ஆனால் அவரைச் சும்மா தள்ளிவிடவும் முடியவில்லை. இந்த சீசனில் மூன்றாம் நாள் காலை, புதுப்பனியில், என் பரணுக்குக் கீழேயே ஒரு தடம் போயிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். கை குளிர்ந்தது பனியால் மட்டும் என்று சொல்ல மாட்டேன்.

இதில் எனக்கு விளங்காதது ஒன்று உண்டு. இங்கே தெற்கில், மேடிசனுக்கு மேற்கே, என் வீட்டுக் கொல்லையில் மான் தொல்லை தாங்கவில்லை. போன கோடையில் அவரைக்கொடியை வேலி உயரத்துக்கு மொட்டையடித்துவிட்டன. ஆகஸ்டில் ஒரு பெட்டை இரண்டு குட்டிகளோடு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, நான் ஜன்னலைத் தட்டினால் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தின்னும். ஒரே மாநிலம், இரண்டு விதமான கதை. அப்படியென்றால் வடக்கில் நிஜமாகவே மான் குறைந்ததா? அல்லது என் மரத்தடியில் மட்டும்தான் வருவதில்லையா? உங்கள் பக்கம் என்ன பார்க்கிறீர்கள்?

---

லானோ மாமா (டெக்சாஸ்) | டிசம்பர் 3

மாப்பிள்ளை, எங்கள் ஊருக்கு வந்துவிடுங்கள். லானோ கவுண்டிக்காரர்கள் "டெக்சாஸின் மான் தலைநகரம்" என்று போர்டே வைத்திருக்கிறார்கள். எங்கள் பிரச்சினையே நேர் எதிர். மான் அதிகம், ஒவ்வொன்றும் நம்ம ஊர் வெள்ளாட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தின்ன ஒன்றும் இல்லாமல் ஜூனிபர் மரத்தைப் பல் எட்டும் மட்டும் கடித்து வைத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மரங்களுக்கெல்லாம் யாரோ ஒரே அளவில் முடிவெட்டியது போலிருக்கும்.

ஒன்று சொல்கிறேன். இங்கே தானியங்கி ஃபீடர் காலை ஏழு மணிக்கு மக்காச்சோளத்தை விசிறும். மான்கள் ஆறு ஐம்பதுக்கே வரிசையில் நிற்கும், ரேஷன் கடை மாதிரி. பக்கத்து நிலத்துக்காரன் அவன் ஃபீடரில் சோளத்தைக் கூட்டினான் என்றால் எனக்கு அந்த வாரம் "மான் குறைந்துவிட்டது". உங்கள் கவுண்டிக் காட்டுக்கு அந்தப்புறம் யார் என்ன கொட்டுகிறார்கள் என்று விசாரித்தீர்களா?

---

ஒன்டாரியோ யாழ் (ஸ்காபரோ) | டிசம்பர் 4

வணக்கம் தம்பி. நான் இஞ்ச கனடாவில இருவது வருசமா வேட்டைக்குப் போறன், பாரி சவுண்டுக்கு வடக்கால. உங்கட ஓநாய்க் கதையைத்தான் எங்கட காம்பிலயும் கதைக்கிறவை.

நான் கண்டது வேற. முந்தி எங்கட காம்பில பன்னிரண்டு பேர். நாலு பேர் நாயோட காட்டுக்குள்ள இறங்குவினம், மிச்ச ஆக்கள் தடத்தில நிப்பினம். ஒரு காலையில ஒரு மைல் காடு முழுக்கக் கலைஞ்சிடும். இப்ப ஐந்து பேர். அதில ரெண்டு பேருக்கு முழங்கால் ஏலாது. நாயும் இல்லை. எல்லாரும் ஆளுக்கொரு கதிரையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறம். மான் படுத்த இடத்திலயே படுத்திருக்கும், அதுக்கு என்ன விசரா எழும்பி நடக்க? ஆள் நடந்தாத்தான் மான் எழும்பும். உங்கட காம்பில முந்தி எத்தனை பேர், இப்ப எத்தனை பேர் எண்டு பெரியவரைக் கேட்டுப் பாருங்கோ.

மற்றது, பனி. லோரிங் பக்கம் பெரிய மான் யார்டு ஒண்டு இருக்கு. பனி தடிச்சால் சுத்துவட்டார மான் எல்லாம் ஹெம்லாக், சீடர் மரத்துக்குக் கீழ போய் ஒண்டிடும். ஜனவரியில அங்க போய்ப் பாத்தால் உலகத்திலயே மான் இதுதான் எண்டு நினைப்பீங்கள். அதே மானை நவம்பரில தேடினால் கிடைக்காது.

---

நிர்வாகி | டிசம்பர் 4

ஒரு குறிப்பு: இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்த இழை அமெரிக்கா, கனடாவில் லைசென்ஸோடு நடக்கும் வேட்டை பற்றியது. "எங்கள் ஊரில் சுட முடியுமா" என்று எனக்குத் தனிச்செய்தி அனுப்பியவருக்குப் பதில்: முடியாது.

---

மசினகுடி ஜீப் | டிசம்பர் 5

வேட்டை தெரியாது அண்ணே, சஃபாரி ஓட்டுகிறேன். ஆனால் மான் எண்ணிக்கை பற்றித் தினமும் கேள்வி வரும். ரோட்டோரம் புள்ளிமான் ஐம்பது நிற்பதைப் பார்த்துவிட்டு "காடு முழுக்க மான்தான் போல" என்பார்கள். காடு முழுக்க இல்லை சார், இந்த ரோட்டோரத்தில்தான். புல் குட்டையாக இருக்கும், நாலு பக்கமும் தெரியும், ஆள் நடமாட்டம் இருப்பதால் புலி யோசிக்கும். உள்ளே அரை கிலோமீட்டர் போனால் உண்ணிச்செடிப் புதர், அதில் மான் இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. கடமான் கதை இன்னும் மோசம், இருக்கும், ஆனால் காட்டிக்கொள்ளாது. உங்கள் அவரைக்கொடி தின்கிற மானும் எங்கள் ரோட்டோர மானும் ஒரே ஜாதி என்று நினைக்கிறேன்.

---

பாயிண்ட் வாசி (ஸ்டீவன்ஸ் பாயிண்ட், விஸ்கான்சின்) | டிசம்பர் 6

கம்பத்துக்காரரே, நான் இங்கே காட்டியல் படித்தவன். பிழைப்பு இப்போது மேப் சாஃப்ட்வேரில். இருந்தாலும் காட்டைப் பார்த்தால் பழைய வியாதி திரும்பிவிடும்.

மான் எண்ணிக்கையோடு மணி நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்கே ஒரு காபி வாங்கித் தரலாம். இங்கே பாதிப் பேர் "இந்த வருசம் ஒண்ணுமே இல்ல" என்பார்கள். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்றால் முழிப்பார்கள்.

உங்கள் 31-ம் 14-ம் முதலில். சீசன் எப்போதும் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும். 2018-ல் அது நவம்பர் 17, அதைவிட முன்னால் வரவே முடியாது. 2019-ல் நவம்பர் 23, அதைவிடப் பின்னால் போகவும் முடியாது. கிடாக்கள் பெட்டைகளைத் துரத்திக்கொண்டு பகலில் புத்தி கெட்டுத் திரிவது நவம்பர் முதல் பாதியில். 17-ந்தேதி என்றால் அந்தக் கூத்தின் வால் பகுதியாவது உங்களுக்குக் கிடைக்கும். 23 என்றால் கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு போய் நிற்பது போல. 2019-ல் மாநிலம் முழுக்கவே ஒன்பது நாளில் சுட்ட மான் கணக்கு ஏறக்குறைய கால்வாசி விழுந்தது. ஒரே வருடத்தில் கால்வாசி மான் செத்துப்போகவில்லை. 2024-ம் நவம்பர் 23-தான், கவனியுங்கள்.

ஓநாய். பெரியவரைக் கிண்டல் செய்ய மாட்டேன். மாநிலத்தில் ஓநாய் ஆயிரம் சுமார். ஒரு ஓநாய் வருடத்துக்கு இருபது மான் என்று டி.என்.ஆர். (மாநில இயற்கை வளத் துறை) கணக்குச் சொல்லும், ஆக இருபதாயிரம். நாம் எல்லா சீசனும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் அளவில் சுடுகிறோம். கரடி வேறு இருபதாயிரத்துக்கு மேல் இருக்கிறது, ஜூன் மாதக் குட்டிகளை அதுவும் கயோட்டி என்கிற சின்ன ஓநாய் இனமும் விடாது. ஆனால் சராசரியை வைத்துப் பெரியவரின் வாயை அடைக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த ஆயிரமும் தெற்கில் உங்கள் கொல்லையில் இல்லை, அவர் காட்டில்தான் இருக்கிறது. ஒரு கூட்டம் அந்தப் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டால் மான் இடம் மாறும், பகலில் நடமாடாது. நீங்கள் பார்த்த தடம் பொய்யில்லை.

பனி. டி.என்.ஆர். ஒரு குளிர்காலக் கணக்கு வைத்திருக்கிறது. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, பூஜ்ய டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்குக் கீழோ போகிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி, தரையில் 18 அங்குலமோ அதற்கு மேலோ பனி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. 50-க்குக் கீழ் என்றால் லேசான குளிர்காலம், 100-ஐத் தாண்டினால் மிகக் கடுமை. 2013-14 வடக்கை அடித்துப் போட்டது. அதனால்தான் 2014-ல் வடக்கில் பல கவுண்டிகளில் பெட்டையைச் சுட அனுமதியே கொடுக்கவில்லை. நீங்கள் 2015-ல் போய் 2018 வரை ஏறுமுகமாகப் பார்த்தது அந்த அடியிலிருந்து மான் மீண்டுகொண்டிருந்த காலம். உங்கள் நோட்டு பள்ளத்தில் தொடங்கி மேட்டைப் பார்த்திருக்கிறது. 2022-23-ல் மறுபடி அடி, பக்கத்து மினசோட்டாவின் டுலூத்தில் 140 அங்குலம் பனி விழுந்து பழைய சாதனை உடைந்தது. பட்டினி கிடந்த பெட்டை மே கடைசியில் போடும் குட்டி நோஞ்சானாக இருக்கும், நிறைய தங்காது. அந்த வருடக் குட்டிகள்தான் அடுத்த வருடம் நீங்கள் பார்க்க வேண்டிய இளங்கிடா.

இதெல்லாம் பாதிதான். எனக்குச் சந்தேகம் உங்கள் மரத்தின் மேல்தான். நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: பரணுக்கு எதிரே இருக்கும் கவுண்டிக் காடு என்ன மரம், எப்போது வெட்டினார்கள்?

ஆஸ்பென் காடாக இருந்தால் கதை இப்படிப் போகும். காகிதக் கூழுக்காக மொத்தமாக வெட்டுவார்கள். வேர் சாகாது, வாழைக்கன்று மாதிரி அடுத்த கோடையிலேயே ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் தளிர் விடும். முதல் எட்டுப் பத்து வருடம் மானுக்கு அதுதான் சாப்பாடு, அதுதான் மறைவிடம். அப்புறம் தண்டு நீளும், இலை மேலே போய்விடும். மானுக்கு எட்டுவது ஐந்தடி. பதினைந்து வயது ஆஸ்பென் காடு பார்க்க அழகாக இருக்கும், மானுக்கு அது காலிப் பாத்திரம். விஸ்கான்சின் ராப்பிட்ஸ் காகித ஆலை 2020-ல் மூடியதிலிருந்து கூழ்மரத்துக்குக் கேட்பவர் குறைவு. வெட்டு குறைந்தால் இளங்காடும் குறையும். இதைக் கேபினில் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஓநாய்க்குப் பல் இருக்கிறது, காகித ஆலைக்கு இல்லையே.

அடுத்த முறை போனால் கிளை நுனிகளைப் பாருங்கள். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. அதனால் அது கடித்த குச்சி பிய்த்தது போல நார் நாராக இருக்கும். முயல் கடித்தது கத்தியால் சாய்வாக வெட்டியது போல இருக்கும். இடுப்பு உயரத்தில் நார் நாராகப் புது நுனி எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் உங்கள் கேள்விக்கு நான் சொல்வதைவிட நல்ல பதில் கிடைக்கும்.

கொல்லை மான் பற்றி: தெற்கே மக்காச்சோளம், சோயா, குதிரைமசால் தின்று வளர்கிறது. அங்கே பெட்டைக் குட்டியே முதல் வருடக் கடைசியில் சினைப்பிடித்துவிடும், பெரிய பெட்டைக்கு இரட்டை சாதாரணம். ஆனால் உங்கள் பக்கத்து மவுன்ட் ஹோரெப் பகுதியில்தான் 2002-ல் இந்த மாநிலத்தின் முதல் சி.டபிள்யூ.டி. (மானின் மூளையைத் தாக்கி மெலியவைத்துக் கொல்லும் நோய்) மான் தெரியவந்தது. இன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் சில இடங்களில் வயது வந்த கிடாக்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அந்த நோய். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை இல்லை. இருந்தாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள், வேகவைத்தாலும் அந்தக் கிருமி போகாது. கிருமி என்று வசதிக்குச் சொல்கிறேன், அது கெட்டுப்போன ஒரு புரதம். அங்கே சுட்டால் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வையுங்கள்.

---

கம்பத்துக்காரன் | டிசம்பர் 7

பாயிண்ட் வாசி சார், இத்தனை விவரமாக எழுதியதற்கு நன்றி. எதிரே இருப்பது ஆஸ்பென்தான். எப்போது வெட்டினார்கள் என்று தெரியாது, நான் வந்தபோது தலை உயரம் இருந்தது. இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டும். இதை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது. பத்து வருடம் அதே மரத்தில் உட்கார்ந்து மானை எண்ணியிருக்கிறேன், எதிரே காடு வளர்ந்ததை எழுதவில்லை.

யாழ் அண்ணா, நீங்கள் கேட்டதையும் பெரியவரிடம் கேட்கிறேன். கேபினில் ஒரு பழைய பேரேடு இருக்கிறது, அவர் அப்பா காலத்திலிருந்து. அடுத்த சனிக்கிழமை தண்ணீர்க் குழாயை மூடப் போகிறோம், அப்போது பார்க்கிறேன். லானோ மாமா, தீனி விஷயமும் விசாரிக்கிறேன்.

---

கம்பத்துக்காரன் | டிசம்பர் 15

போய்விட்டு வந்தேன். நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் மரம். கவுண்டி ஆபீஸின் மேப்பில் தேடினேன். என் எதிரே இருக்கும் துண்டை 2010 குளிர்காலத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஆக 2018-ல் அதற்கு எட்டு வயது, இப்போது பதினைந்து. சனிக்கிழமை மதியம் உள்ளே நடந்தேன். சார் சொன்ன மாதிரி குச்சி நுனி எண்ணலாம் என்று போனால், எண்ண நுனியே இல்லை. என் மணிக்கட்டுப் பருமனில் கம்பு கம்பாக நிற்கிறது, முதல் கிளை என் தலைக்கு மேல் ஆறடியில். கீழே காய்ந்த பெரணி, நடுவில் அங்கங்கே பால்சம் ஃபர் கன்று. அதை மான் கடைசி பட்சமாகத்தான் தொடும் என்கிறார்கள், இங்கே தொடவேயில்லை. ஒரே ஒரு இடத்தில் சின்ன மேப்பிள் கன்று நாலு இருந்தன. நாலிலும் முட்டி உயரத்தில் நுனி நார் நாராகக் கிழிந்திருந்தது. அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, ஏதோ புதையல் கண்டவன் மாதிரி பெரியவரிடம் காட்டினேன். "மான் தின்னா அப்படித்தான் இருக்கும், உனக்கு இது தெரியாதா?" என்றார். பத்து வருடமாகச் சொல்லித் தரவில்லை என்று நான் சொல்லவில்லை.

மேப்பில் இன்னொன்றும் தெரிந்தது. மேற்கே ஒன்றரை மைலில் 2022-ல் வெட்டிய ஒரு துண்டு. ஞாயிறு காலை மரவண்டி போகிற பாதை வழியே அங்கே நடந்தேன். வெள்ளி இரவு பனி விழுந்திருந்ததால் தடமெல்லாம் இரண்டு நாளுக்குள் பட்டவை. என் பரணுக்குப் பக்கத்தில் அரை மைலுக்குள் பாதையைத் தாண்டிய தடம் இரண்டு. புது வெட்டுக்குப் பக்கத்தில் எண்ண முடியவில்லை, தடத்தின் மேல் தடம், ஆட்டுப்பட்டி வாசல் மாதிரி. புழுக்கை, படுத்துப் பனி உருகிய குழிகள், எல்லாம். ஒரு ஓநாய்த் தடமும் அதே பாதையில் நேர்கோடாகப் போயிருந்தது, அதற்கும் மேப் தெரியும் போலிருக்கிறது.

அப்புறம் பேரேடு. தடித்த அட்டை, எலி ஓரத்தைக் கொறித்திருக்கிறது. 1969-ல் பெரியவரின் அப்பா தொடங்கியது. ஒவ்வொரு சீசனுக்கும் யார் யார் வந்தார்கள், எந்தெந்த நாள், என்ன விழுந்தது, யார் கஞ்சியைத் தீய்த்தார்கள் என்பது வரை இருக்கிறது. பெரியவர் எப்போதும் சொல்லும் "அந்தக் காலம்" எது என்று தேடினேன். 2000. பதினொரு பேர், பதினாலு மான். கேபின் வாசலில் வரிசையாகத் தொங்கவிட்ட படம் சுவரில் இருக்கிறது. அந்த வருடம்தான் மாநிலத்திலேயே மிக அதிகமாக 6 லட்சத்து 18 ஆயிரம் மான் சுட்ட வருடம் என்று பிறகு பார்த்தேன். எல்லாவற்றையும் அந்த ஒரு படத்தோடு ஒப்பிட்டுத்தான் பெரியவர் 25 வருடமாகப் பெருமூச்சு விடுகிறார்.

யாழ் அண்ணா கேட்ட கணக்கையும் போட்டேன். 2000-ல் வந்தவர்களின் நாட்களைக் கூட்டினால் 62 ஆள்-நாள், பதினாலு மான். இந்த வருடம் நான், பெரியவர், அவர் மருமகன், மூன்று பேர், 14 ஆள்-நாள், ஒரு மான் (மருமகன் சுட்டது, அதுவும் புது வெட்டுக்குப் போகிற வழியில்). பதினாலிலிருந்து ஒன்று என்று பார்த்தால் காடே காலி. ஆள் கணக்கில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்காகியிருக்கிறது. குறைந்தது நிஜம்தான், ஆனால் பெரியவர் சொல்லும் அளவு இல்லை. தவிர, அப்போது பெட்டையைத் தாராளமாகச் சுடலாம், இப்போது அதற்கான டேக் (அனுமதிச்சீட்டு) கிடைப்பதே குதிரைக்கொம்பு.

நான் காட்ட நினைத்த பக்கம் வேறு. 1972. "ஐந்து பேர். ஒன்பது நாள். ஒன்றுமில்லை" என்று எழுதி, கீழே "பெட்டைகளை எல்லாம் சுடவிட்டு டி.என்.ஆர். காட்டைக் காலி பண்ணிவிட்டது" என்று பென்சிலில் ஒரு வரி. அந்த ஐந்து பேரில் ஒருவர் இருபத்து மூன்று வயதுப் பெரியவர். விஸ்கான்சினில் 1960 வாக்கிலேயே ஓநாய் அற்றுப்போய்விட்டது. மினசோட்டாவிலிருந்து திரும்ப வந்து சேர்ந்தது 1970-களின் நடுவில்தான். அதாவது இந்த வரியை எழுதியபோது இங்கே ஓநாயே இல்லை.

பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பாவின் கையெழுத்தை விரலால் தடவிப் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டார். "அந்த வருஷம் பனி ஜாஸ்தி," என்றார். பிறகு, "ஓநாயும் வந்திருக்கலாம், யார் பார்த்தா?"

சரி, விட்டுவிட்டேன்.

லானோ மாமா, தீனி பற்றியும் கேட்டேன். அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர் "நானா? சேச்சே" என்றார். அவர் வண்டியில் நாலு மூட்டை சோளம் இருந்தது. கோழிக்காம். கோழியை நான் பார்க்கவில்லை.

இப்போது என் பிரச்சினை இது. அடுத்த வருடம் பரணை மேற்கே புது வெட்டின் ஓரத்துக்கு மாற்றலாம் என்றேன். பெரியவர் முடியாது என்கிறார். அந்த மரத்தில் முதல் பலகை அறைந்தது அவர் அப்பா, அதற்குப் பிறகு அந்த இடத்தை ஒருவரும் மாற்றியதில்லை. ஒன்றரை மைல் அவரால் நடக்கவும் முடியாது. நான் மட்டும் அங்கே போனால் அவர் தனியாக உட்கார வேண்டும், கேபினில் வேறு யாரும் மிச்சமில்லை. அதனால் காலையில் அவருக்குப் பக்கத்தில் பழைய பரண், மதியத்துக்கு மேல் நான் மட்டும் மேற்கே என்று பேசி முடித்திருக்கிறோம். கவுண்டிக் காட்டில் நிரந்தரமாக எதையும் ஆணியடிக்க விடமாட்டார்கள், கழற்றித் தூக்கிப் போகிற மாதிரி வேண்டும். முதுகில் சுமக்கிற, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஏறுகிற ஸ்டாண்டு யாராவது பயன்படுத்துகிறீர்களா? எடை எவ்வளவு? ஆஸ்பென் பட்டையில் பிடிக்குமா, வழுக்குமா? எனக்குப் பதினைந்தடிக்கு மேல் போனால் தலை சுற்றும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.